தட்டினால் விட்டுவிடுங்கள்

இந்த முறை வந்திருப்பவை அலுவலக ஜூடோ, கராத்தே குழுக்களில் இருப்பவர்களின் கேள்விகள். பதில் எழுதும் நான் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தவள். அதில் 22 வருடம், வாரத்தில் இரண்டு மாலை, அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஜூடோ குழுவை நடத்தினேன். காலையில் யாருடைய விடுப்பைக் கணக்குப் பார்த்துக் கழித்தேனோ, மாலையில் அவரே என் காலரைப் பிடித்து எதிரே நிற்பார். அங்கே கண்டதையும் கற்றதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஜூடோ குழுவில் நான் பிரௌன் பெல்ட், கறுப்புக்கு முந்தைய படி. மூன்று மாதத்துக்கு முன்பு என் மேலாளரும் சேர்ந்தார், வெள்ளை பெல்ட். அவரோடு ராண்டோரி (ஒருவரை ஒருவர் நிஜமாகவே தூக்கிப் போட முயலும் பயிற்சி ஆட்டம்) செய்யும்போது எனக்குக் கையே ஓடவில்லை. விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். தூக்கிப் போட்டால் மறுநாள் அவர் முகம் எப்படி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் அவர் மேலாளர் என்பதையே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் யோசிப்பது அவருடைய மூன்று மாதத்தை. மூன்று மாதக்காரருக்கு விழத் தெரியாது. தெரியும் என்று அவரே சொன்னாலும் நம்பாதீர்கள். அவரை மெதுவாகப் போடுங்கள். நேற்றுச் சேர்ந்த பயிற்சி ஊழியரையும் அதே மாதிரி மெதுவாகப் போடுங்கள். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் யாருக்கும் சிரிக்க எதுவும் இருக்காது.

ஓசோடோ-காரியை அவரிடம் இப்போதைக்குப் போடவே வேண்டாம். ஆளை நேர் பின்னால் தள்ளிக் காலை வாரும் வீச்சு அது. தாடையை உள்ளிழுக்கத் தெரியாதவருக்குப் பின்மண்டை முதலில் இறங்கும். ஜப்பானில் பள்ளி ஜூடோவில் நடந்த தலைக்காயங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வீச்சின் பெயர் வரும். வேறு எதைப் போட்டாலும் அவருடைய சட்டைக் கையை உங்கள் பிடியில் இருந்து கடைசி வரை விடாதீர்கள். அவர் முதுகு பாயைத் தொடும் நொடியில் அந்தக் கையை ஒரு பிடி மேலே இழுங்கள். அந்த ஒரு பிடியில் அவர் தலை தப்பித்துக்கொள்ளும்.

விட்டுக்கொடுப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவர் சரியாகச் செய்தால் விழுங்கள். தப்பாகச் செய்தால் அசையாமல் நில்லுங்கள். பொய்யாக விழுந்தால், தப்பான அடவை அவர் சரி என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போவார். அங்கே அவர் முழங்காலோ இன்னொருவர் முழங்காலோ போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் குழுவில் நடந்தது. ஒரு துறைத் தலைவரும் கிடங்கில் வேலை பார்க்கும் இளைஞரும் தரைப் பயிற்சியில் இருந்தார்கள். இளைஞர் அவர் கையை நீட்டி முழங்கைப் பூட்டுப் போட்டுவிட்டார். பூட்டில் மாட்டியவர் கையால் தட்டினால் 'போதும், விடு' என்று அர்த்தம், எதிராளி உடனே விட்டுவிட வேண்டும். தட்டினால் முடிந்துவிடும் விஷயம். அவர் தட்டவில்லை. நான் இரண்டு கை தூரத்தில்தான் நின்றேன். சட்டையைப் பற்றியிருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். இப்போது தட்டிவிடுவார், இப்போது தட்டிவிடுவார் என்று ஒரு மூச்சு காத்திருந்தேன். அந்த ஒரு மூச்சு என் தப்பு. மூன்று வாரம் அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. கிடங்கு இளைஞரோ வேலை போய்விடும் என்று பயந்து குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

கட்டோடு திரும்பி வந்த துறைத் தலைவர் பாய் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு வாரம் வெறுமனே பார்த்தார். அதற்குள் கிடங்குக்கு நேரில் போய் அந்த இளைஞரைக் கூட்டி வந்திருந்தார். கட்டு அவிழ்த்த அன்று எல்லோருக்கும் முன்னால், "முதலில் உங்களோடுதான்" என்று அவரைக் கூப்பிட்டார். பிடித்த உடனே, பூட்டு விழுவதற்கு முன்பே, தட்டினார். சத்தமாக, இரண்டு முறை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒவ்வொரு ஜோடியும் தொடங்கும்முன் ஒருவர் தோளில் ஒருவர் இரண்டு முறை தட்டிக் காட்டுவார்கள். தட்டினால் விட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுப்பது அது.

உங்கள் மேலாளரிடம் நேராகப் பேசுங்கள். "இன்று உங்களை இரண்டு தடவை போடப் போகிறேன், சட்டைக் கையை விடமாட்டேன், வலித்தால் உடனே தட்டுங்கள்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் அதற்காக மறுநாள் கோபித்துக்கொண்ட ஒருவரை இத்தனை வருடத்தில் நான் பார்க்கவில்லை. பாயில் நடந்ததை மறுநாள் கூட்டத்தில் வைத்துச் சொல்லாதீர்கள், அது மட்டும் போதும்.

கேள்வி: எனக்கு வயது 47. இருபது வருடமாக நாற்காலி வேலை. ஒரு முழங்கால் அவ்வப்போது வலிக்கும். எங்கள் அலுவலகத்தில் தொடங்கியிருக்கும் ஜூடோ குழுவில் சேரலாமா, காலம் கடந்துவிட்டதா?

பதில்: சேருங்கள். முழங்காலை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சேருங்கள். அவர் சொன்னதை மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முழங்கால் ஊன்றித் திரும்பும் வீச்சுகளை அவர் உங்களுக்கு ஒதுக்கிவிடுவார்.

உங்கள் வயதுக்காரர்கள் சேர்ந்தால் நான் முதல் ஆறு வாரம் வேறு எதுவும் சொல்லித் தருவதில்லை. விழுவது மட்டும்தான். ஜூடோவில் அதற்கு உகேமி என்று பெயர். எப்படித் தொடங்குவது என்று எழுதுகிறேன், பாய் விரித்த இடத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்து பாருங்கள். மல்லாந்து படுங்கள். தலையைத் தூக்கி உங்கள் பெல்ட் முடிச்சைப் பாருங்கள். தாடை தானாக நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்து நடுங்கும், முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடுங்கும். இரண்டு கையையும் மார்பின் மேல் குறுக்காக வைத்து, பக்கவாட்டில் வீசிப் பாயை அடியுங்கள். உள்ளங்கை கீழே. கை உடம்பை விட்டு அதிகம் விலகக் கூடாது, தோளுக்கு நேராக நீண்டுவிட்டால் தோள்தான் அடி வாங்கும். இதையே படுத்தபடி, அப்புறம் உட்கார்ந்தபடி, அப்புறம் குந்தியபடி, கடைசியில் நின்றபடி.

நான் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் சரிபார்ப்பேன். நன்றாக விழுந்தால் ஒரே சத்தம், 'பட்' என்று அகலமாகக் கேட்கும். இரண்டு சத்தம் கேட்டால் முழங்கையோ தலையோ தனியாகப் போய் இடித்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் யார் சரியாக விழவில்லை என்று சொல்லிவிடலாம்.

என்னிடம் சேர்ந்ததிலேயே மூத்தவர் 53 வயதில் வந்தார். ஆறாவது வாரம் கழித்தும் இரண்டு சத்தம்தான். ஒன்பதாவது வாரத்தில் ஒரு மாலை, ஒரே சத்தம். பாயில் படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதம் கழித்து ஈரப் படிக்கட்டில் சறுக்கிவிட்டார். கையை ஊன்றாமல், தாடையை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் ஒரு நீலக் கன்றலோடு தப்பித்தார். விழும்போது கையை நேராக ஊன்றுபவர்களுக்குத்தான் மணிக்கட்டும் காறை எலும்பும் உடைகின்றன. 47 வயதில் ஜூடோவில் இருந்து வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் இது ஒன்றே போதும் என்பேன்.

இருபத்தைந்து வயதுக்காரர்களோடு போட்டி போட்டுக்கொண்டு வாரம் நாலு நாள் போகாதீர்கள். இரண்டு நாள், நடுவில் ஓய்வு. சரிதானே?

கேள்வி: சேர்ந்த உடனே சீருடை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு மாதம் போய்ப் பாருங்கள், உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். கராத்தே என்றால் தளர்வான பருத்தி உடை போதும். ஜூடோவில் பிடித்து இழுப்பதால் சாதாரணச் சட்டை கிழிந்துவிடும். நல்ல குழுக்களில் புதியவர்களுக்கென்று இரண்டு மூன்று பழைய உடைகள் துவைத்து மடித்து இருக்கும், கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரம், தோடு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பாய்க்கு வெளியே செருப்பு, பாய்க்குள் வெறுங்கால். கழிப்பறைக்கு வெறுங்காலோடு போய்விட்டு அதே காலோடு பாயில் ஏறுபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: பதினோரு பேர் குழுவில் நான் ஒருத்திதான் பெண். ஆண்கள் என் சட்டையை நுனிவிரலால் பிடிக்கிறார்கள், தூக்கிப் போடவே தயங்குகிறார்கள். இப்படி இருந்தால் நான் எப்படிக் கற்றுக்கொள்வது? இன்னொரு பக்கம், தரைப் பயிற்சியில் ஒருவரோடு மட்டும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சொன்னால் விளையாட்டைப் புரிந்துகொள்ளாதவள் என்பார்களோ?

பதில்: இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவரோடு பயிற்சி செய்ய வேண்டாம். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "இவரோடு என்னை ஜோடி சேர்க்காதீர்கள்" என்று மாஸ்டரிடம் ஒரு வாக்கியம் போதும். ஏன் என்று குடையாமல் மாற்றிவிடுபவர்தான் மாஸ்டர். அந்த ஆள் அடவுக்குத் தேவையில்லாத இடத்தில் கை வைத்தாலோ, பாய்க்கு வெளியே அதைப் பற்றிப் பேசினாலோ, அலுவலகத்தில் மற்ற எந்தத் தொல்லைக்கும் எப்படிப் புகார் கொடுப்பீர்களோ அப்படியே கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நடந்தாலும், காலில் செருப்பு இல்லாவிட்டாலும் அது உங்கள் வேலையிடம்தான். சங்கடம் எது, அடவு எது என்பது உங்கள் உடம்புக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் இப்படி வந்து சொன்ன யாரும் விளையாட்டைப் புரியாமல் சொல்லவில்லை.

இனி நுனிவிரல். எனக்கு இது நன்றாகத் தெரியும், முதல் நாலு வருடம் நானும் ஒருத்திதான். ஒரு நாள் ஒரு சக ஊழியரின் கையை எடுத்து என் காலரில் வைத்து, என் கையால் அவர் விரல்களை மூடி இறுக்கினேன். "இப்படிப் பிடித்தால்தான் நான் விழும்போது நீங்கள் என்னைத் தாங்க முடியும்" என்றேன். தளர்ந்த பிடியில் விழுவதுதான் ஆபத்து, இறுகிய பிடியில் அல்ல. அதை அவர்களிடம் சொல்லுங்கள், பெரும்பாலோர் பயத்தில்தான் அப்படிப் பிடிக்கிறார்கள்.

ஃபுகுடா கெய்கோவைப் பற்றிப் படியுங்கள். 1913இல் பிறந்தவர், ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடமே நேரடியாகக் கற்றவர். பெண்களுக்கு ஐந்தாவது டானுக்கு (டான் என்பது பிளாக் பெல்ட்டுக்குள் உள்ள படி) மேல் தருவதில்லை என்ற வழக்கத்தால் பல வருடம் அதே நிலையில் நிறுத்தி வைக்கப்பட்டார். 1972இல்தான் ஆறாவது டான். 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாவது டான் கொடுத்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் ஜூடோ 1964இல் வந்தது. பெண்கள் ஜூடோ முழுப் பதக்கப் போட்டியாக வந்தது 1992இல். நான் பாய்க்கு வந்தபோது அதுவும் நடந்திருக்கவில்லை. இந்தப் பெயரை எங்கள் குழுவில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கராத்தே குமிதேயில் (எதிராளியோடு மோதும் பயிற்சி) நெற்றிப்பொட்டில் ஒரு குத்து வாங்கினேன். நினைவு தப்பவில்லை. இரண்டு நாளாகத் தலைவலி, திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது. அலுவலகத்தில் தெரிந்தால் குழுவையே மூடிவிடுவார்கள் என்று சொல்லாமல் இருக்கிறேன். சனிக்கிழமை பயிற்சிக்குப் போகலாமா?

பதில்: போகக் கூடாது. இன்றே மருத்துவரைப் பாருங்கள். மூளை அதிர்ச்சிக்கு நினைவு தப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தலைவலியும் கண் கூசுவதும் அதன் அறிகுறிகள்தான். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் நிலைமை மிக மோசமாகும். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப முடியாத அளவு தூக்கம் வந்தாலோ மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள். திரும்பி வருவதும் படிப்படியாகத்தான்: முதலில் நடை, அப்புறம் லேசான ஓட்டம், அப்புறம் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசையான கத்தா. மருத்துவர் சரி என்ற பிறகே எதிராளியோடு.

அலுவலகத்திடம் மறைக்காதீர்கள். காயத்தை எழுதி வைக்கும் குழுவைவிட, மறைத்து ஒரு நாள் மாட்டிக்கொள்ளும் குழுவைத்தான் மூடுவார்கள். எங்களிடம் ஒரு நீலநிற நோட்டு இருந்தது. தேதி, யார், என்ன அடவு, எங்கே பட்டது, என்ன செய்தோம். விரல் சுளுக்குக்கூட அதில் இருக்கும். நிர்வாகம் கேட்டபோதெல்லாம் அந்த நோட்டைத்தான் மேசையில் வைத்தேன்.

கேள்வி: பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருடம் ஆகும்? எங்கள் அலுவலகக் குழுவில் இரண்டு வருடத்தில் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு இரண்டு வருடம் குறைவு. என் கணக்கில் நாலில் இருந்து ஆறு வருடம், அதற்கு மேல் ஆனாலும் தப்பில்லை. தேதியை முன்கூட்டியே உறுதி சொல்லும் குழுவை நான் நம்பமாட்டேன். முதல் கறுப்பு நிலைக்கு ஷோடான் என்று பெயர், 'தொடக்கப் படி' என்று பொருள். பெல்ட் கறுப்பாவது 1880களில் கானோவின் மாணவர்களிடம் தொடங்கியது. கராத்தேயை 1922இல் ஒகினாவாவில் இருந்து டோக்கியோவுக்குக் கொண்டுவந்த ஃபுனாகோஷி கிச்சின் அதை ஜூடோவில் இருந்து எடுத்துக்கொண்டு, 1924இல் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். இடையில் உள்ள மஞ்சள், பச்சை, நீல நிறங்கள் பின்னால் ஐரோப்பாவில் பரவியவை. ஆக, நடுவில் எத்தனை நிறம் என்பது ஒவ்வொரு குழுவின் ஏற்பாடு. உங்கள் குழுவில் பிளாக் பெல்ட் வாங்கியவர்கள் புதியவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று இரண்டு மாலை பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் உணவு இடைவேளையில், நடைபாதையில், வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் முறுக்கிக் காட்டுகிறார். சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை.

பதில்: மாஸ்டரிடம் சொல்லி ஒரு மாதம் பாயில் ஏறவிடாமல் நிறுத்தி வையுங்கள். நடைபாதையில் இருப்பவர்கள் சம்மதம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தட்டவும் தெரியாது.

கேள்வி: தொடங்கியபோது 18 பேர் வந்தோம். இப்போது நாலு பேர். அந்த நாலில் ஒருவர் மாற்றலாகிப் போகிறார். நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம். நான்தான் ஒருங்கிணைப்பாளர், மனசு கேட்கவில்லை.

பதில்: நிறுத்தாதீர்கள். பதினெட்டுப் பேர் முதல் மாத எண்ணிக்கை. எந்த அலுவலகக் குழுவிலும் முதல் மாதத்து ஆள்கள் ஆறாவது மாதத்தில் இருப்பதில்லை. எங்கள் குழு ஒரு காலத்தில் மூன்று பேராக இருந்தது, ஏழு மாதம். கணக்கு முடிக்கும் காலத்தில் நான் மட்டும் பாயை விரித்து, தனியாக விழுந்து பழகிவிட்டு, மடித்து வைத்துவிட்டுப் போன மாலைகளும் உண்டு.

கானோ 1882இல் டோக்கியோவில் தன் ஜூடோ பள்ளியான கோடோகானைத் தொடங்கியது ஒரு கோயிலுக்குள், 12 பாய் விரித்த ஓர் அறையில். முதல் வருடம் சேர்ந்தவர்கள் 9 பேர். அவருக்கு அப்போது இருபத்தோரு வயது, பகலில் ஆசிரியர் வேலை. உங்களைப் போலவே, வேலை முடித்துவிட்டுப் பாய்க்கு வந்தவர்.

கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். யாருமே வராவிட்டாலும் விளக்கு எரியட்டும். "இன்று நடக்குமா?" என்று ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டால் அவர் அடுத்த வாரம் கேட்கவும் மாட்டார். மாதத்தில் ஒரு மாலையை வெளியாட்களுக்கென்று ஒதுக்கி, விழுவதை மட்டும் சொல்லிக் கொடுங்கள், சண்டை வேண்டாம். எங்களுக்குப் புதியவர்கள் வந்தது பெரும்பாலும் அந்த வழியில்தான், அதிலும் ஐம்பதை நெருங்கியவர்கள். விட்டுப்போன பதினாலு பேரில் ஐந்து பேரிடமாவது நேரில் போய் ஏன் நின்றீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் நேரமில்லை என்பார்கள். ஒருவராவது வலித்தது என்பார், அல்லது ஒருவர் பெயரைச் சொல்வார். அந்தப் பதிலை எழுதி வைத்து, சரிசெய்துவிட்டு, திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

மாற்றலாகிப் போகிறவரிடம் அவருடைய பழைய உடையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துவைத்து மடித்து, பாய் ஓரத்தில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.